கரண்டு ரயில் கொட்டாய்

உ
திருவண்ணாமலை
17-12-1940

அமீர் அண்ணாத்தேவுக்கு சம்பத் எழுதறது.

நானும் உன் தம்பி நஜீரும் நல்லா கீறோம். அண்ணிக்கு ஒடம்பு எப்படி கீது, பிள்ளை பொறந்துட்டுதா, அதை மொதல்ல எழுது. இந்த ட்ரிப்புக்கு நீ வராம பூந்தமல்லிலயே நின்னுட்டது சரிதான். ஆனா நீ இல்லாத கொறை எனக்குத்தான் தெரியும். மேஜை மேல ஓடற வண்டில ஒரு பொட்டி தடம் பொரண்டா நீ சுண்டு விரலால தூக்கி வெப்பே. நான் தூக்கினா மூணு பொட்டி சேந்து வுழுது.

தீபம் முடிஞ்சும் ஜனம் கலையல. நம்ம கொட்டாய் வாசல்ல நேத்து வரைக்கும் தள்ளுமுள்ளு. "கரண்டு இல்லாத ஊர்ல கரண்டு ரயில்! சென்ட்ரல்ல ஏறி அரக்கோணத்துல எறங்குங்க!"ன்னு நான் தகரக் குழாயில கூவறேன். பால் பவுடர் டின்னுல நீ அடிச்ச பொட்டிங்களைப் பாத்து பொம்பளைங்க கன்னத்துல கை வெச்சிகினு நிக்கறாங்க. பேசின் பிரிட்ஜ் கிட்ட வண்டி வளையறப்ப ஒரு ஆயா கும்புட்டுச்சு. அம்பத்தூர் ஸ்டேஷன்ல அண்ணி எழுதின போர்டை, எழுத்துக் கூட்டிப் படிக்கறவங்கல்லாம் ஒரு தரம் படிச்சிட்டுத்தான் நகர்றாங்க.

செங்கம் பக்கத்து ஆளு ஒருத்தர் மேஜைத் துணியைத் தூக்கிட்டு, "உள்ள எவனாவது இருக்கானா, இல்ல எலியைக் கட்டி ஓட்டறீங்களா?"ன்னார். நஜீரு அவரைப் பக்கத்துல குந்தவெச்சு பேட்டரியைக் காட்டினான். "பெரியவரே, பஸ்ஸுல விளக்கு எரியுதில்ல, அந்தப் பொட்டிதான். இதுலேர்ந்து ஒரு கம்பி தண்டவாளத்துக்குப் போவுது. இன்னொண்ணு நடுவுல ஓடற மூணாவது கம்பிக்குப் போவுது. வண்டி ரெண்டையும் தொட்டுகினு போறப்ப உள்ள கீற மோட்டாரு சுத்துது."

"பொட்டி தீந்துட்டா?"

"டைனமோவுல மாட்டி ரொப்புவோம்."

"அது தீந்துட்டா?"

கொட்டாயே சிரிச்சுது. நஜீருக்குக் கோவமே வரல. பொறுமையா மறுக்கா மொதல்லேர்ந்து சொன்னான். இப்ப கைப்பிடியைத் திருப்பி வண்டியை மெதுவா நிறுத்தற வேலை அவனுதுதான். நான் நிறுத்தினா இடிக்குது, அவன் நிறுத்தினா மெய்யான டிரைவரு நிறுத்தறாப்ல கீது.

ஒரு பேட்டரி வீக்காயிட்டு வருது. யுத்தத்தால புதுசு எங்கயும் கெடைக்கல. இங்க டூரிங் டாக்கீஸ் எஞ்சின்ல மாட்டி ரொப்பிக்கறோம். அந்த டாக்கீஸு அடுத்து போளூருக்குப் போவுதாம். நாங்க ஊட்டுக்கு வந்துடலாமா, இல்ல அவங்க கூடவே போளூரையும் பாத்துடலாமா? நீ சொல்றதுதான்.

உன் தம்பி மாதிரி
சம்பத்


786
பூந்தமல்லி, கரையான்சாவடி
26-12-1940

தம்பி சம்பத்துக்கு அமீர் எழுதுவது.

அல்லாஹ் அருளால் மஹ்பூபாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் சுகம். குழந்தைக்கு நஜீருடைய நெற்றி என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். பட்டறையில் தகரம் அடித்தால் குழந்தை விழித்துக்கொள்கிறது. அதனால் நாலு நாளாக நான் ஒரு லாந்தர்கூட முடிக்கவில்லை.

போளூருக்குப் போய் வாருங்கள். எஞ்சின் வசதி இருக்கும்போது விட வேண்டாம். அதை முடித்துக்கொண்டு பக்ரீத்துக்கு இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும். மஹ்பூபா உனக்கும் சேர்த்துத்தான் அரிசி ஊற வைப்பாள்.

தண்டவாளம் மழையில் துருப்பிடித்தால் தேங்காய் எண்ணெய் போடாதே. போட்டால் கரண்டு பாயாது. சாம்பலால் தேய்.

இன்னொரு விஷயம். இதை நஜீரிடமே கொடுத்துப் படிக்கச் சொல். குமணன்சாவடி ஜவுளிக்கடைக்காரர் மகள் வஹீதுன்னிசாவைக் கேட்டேன். அவளுடைய அத்தா முகம் கொடுத்துப் பேசினார். "உங்க தம்பி ஏதோ ரயில் வித்தை காட்டறானாமே?" என்று கேட்டார். "வித்தை இல்லை, மின்சார வேலை. நாளைக்கு ரயில்வேயிலோ பஸ் கம்பெனியிலோ சேர்த்துவிடுவேன்" என்றேன். பெண்ணை அவன் அவர்கள் கடையில் பார்த்திருக்கிறான். அவனுக்குச் சம்மதம்தானா என்று ஒரு வரி எழுதச் சொல். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் விட்டால், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிடு.

அமீர்


போளூர்
13-1-1941

அமீர் அண்ணாத்தேவுக்கு,

பக்ரீத்துக்கு வர முடியாமப் போச்சு. கோவிச்சுக்காத. பிள்ளை பொறந்த சேதி கேட்டு ரெண்டு பேருக்கும் ரொம்ப சந்தோசம். இங்க மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. ரோடெல்லாம் சேறு. டாக்கீஸுக்கே ஆள் இல்ல, நமக்கு எங்கேர்ந்து வரும்? போளூர்ல வெத்தலை நல்லா கீது. அண்ணிக்கு வாங்கியாறேன்.

நஜீருக்குக் கண்ணு நோவு. இந்தப் பக்கம் ஊர் பூரா அதான். கண்ணைக் கட்டி வெச்சிகினு கீறான், அதால அவனால எழுத முடியல. வேற ஒண்ணுமில்ல. நல்லா சாப்புடறான். பேசறான். நேத்துகூட பிள்ளைக்கு இன்னா பேர் வெச்சாங்கன்னு கேட்டான்.

நிக்காஹ் விசயம் அவன்கிட்ட சொன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத அண்ணாத்தே, அதுக்கு இப்ப இன்னா அவசரம்? அவனுக்கு வயசு கீது. ஒரு வருசம் போவட்டுமே. ஜவுளிக்கடைக்காரர் எங்க ஓடிடப் போறாரு?

பேட்டரி பத்தி அப்புறம் எழுதறேன்.

நீ கெளம்பி வராத. பச்சை ஒடம்புக்காரியை வுட்டுட்டு மழையில அலைய வேணாம். நாங்களே வந்துடுவோம்.

சம்பத்


786
கரையான்சாவடி
21-1-1941

சம்பத்துக்கு,

உன் கடிதத்தில் போளூர் என்று எழுதியிருக்கிறாய். தபால் முத்திரை வேலூர் என்று இருக்கிறது. முதலில் நான் கவனிக்கவில்லை. மஹ்பூபாதான் காட்டினாள்.

நீ எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறாய். ஒன்றிலாவது மழையைப் பற்றியும் வெற்றிலையைப் பற்றியும் எழுதியதில்லை. எத்தனை தடவை வண்டி ஓடியது, எந்தப் பெட்டி தடம் புரண்டது, யார் என்ன கேட்டார்கள், இதைத்தான் எழுதுவாய். இந்தக் கடிதத்தில் வண்டி என்ற சொல்லே இல்லை.

கண்ணைக் கட்டியிருந்தாலும் கை இருக்கிறது. ஒரு கோடு இழுத்து "நஜீர்" என்று கிறுக்கச் சொல்லியிருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜமாஅத் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்துவிட்டோம். மொஹரமும் சபரும் கழிந்ததும் நிக்காஹ். நான் கையைக் கொடுத்துவிட்டேன். அவன் பதில் எழுதவில்லை என்றதும் வெட்கம் என்றுதான் நினைத்தேன்.

நேற்று ஆரணியிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் பட்டறையில் டின் ஒட்ட நின்றார். பேச்சுவாக்கில், "போளூர்ல சினிமா எஞ்சின் ஷெட்டுல ஏதோ வெடிச்சுதாம் பாய், ஒரு பையனுக்கு அடியாம்" என்றார். எந்தப் பையன் என்று கேட்டேன். "மெட்ராஸ் பக்கத்துப் பையன்னாங்க" என்றார்.

டாக்கீஸ் விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். அங்கே யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான். என் தம்பி உயிரோடு இருக்கிறானா?

அமீர்


வேலூர்
29-1-1941

பாய்,

உயிரோட கீறான். அதை மொதல்ல எழுதிட்டேன். மீதியை இப்ப எழுதறேன்.

போளூர்ல மழை பேஞ்சது நெசம். பேட்டரி ரெண்டையும் டாக்கீஸ் எஞ்சின் கொட்டாயில டைனமோவுல மாட்டி வெச்சிருந்தோம். ரொம்பறப்ப உள்ள கீற ஆசிட் தண்ணி பொங்கி ஒரு வாயு கெளம்பும். காத்தோட்டம் இருந்தா போயிடும். சாரல்ல எஞ்சின் நனையுதுன்னு எஞ்சின்காரர் நாகேந்திரன் நாலு பக்கமும் தார்ப்பாயை எறக்கிட்டாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. விளக்கு வெக்கற நேரம். நான் வாசல்ல கூவிகினு கீறேன். நஜீரு தண்ணி மட்டம் பாக்க உள்ள போனான். இருட்டா இருந்துது. குனிஞ்சு நெருப்புக் குச்சி கிழிச்சிட்டான்.

வாசல் வரைக்கும் கேட்டுது சத்தம். படம் ஆரம்பிக்க வெடி போடறாங்கன்னு நெனச்சு உள்ள குந்தியிருந்த ஜனம் கை தட்டுச்சு, விசில் அடிச்சுது. எனக்கு இன்னும் அந்த விசில் காதுல கீது பாய்.

மூஞ்சை ரெண்டு கையாலயும் மூடிகினு வெளிய வந்தான். "ஒண்ணுமில்ல அண்ணே, தண்ணி ஊத்துங்க, தண்ணி ஊத்துங்க"ன்னான். குடம் குடமா ஊத்தினோம். வெளக்கெண்ணெ வுடணும்னு ஒருத்தர் கையைப் புடிச்சார், அவரைத் தள்ளிட்டு ஊத்தினேன். போளூர் டாக்டரு பாத்துட்டு வேலூருக்கு இட்டும்போங்கன்னாரு. மறுநாள் பஸ்ஸுல வந்தோம். வழி பூரா ஈரத்துணியை மாத்திகினே வந்தேன்.

எடது கண்ணை எடுத்துட்டாங்க. வலது கண்ணுல டாக்டரு தெனம் டார்ச் அடிச்சு "வெளிச்சம் தெரியுதா?"ன்னு கேப்பாரு. "தெரியுது"ன்னான். எனக்கு உசிரு வந்துது. அப்புறம் ஒரு நாளு கிட்ட நின்னு பாத்தேன். டார்ச்சை அணைச்சப்புறமும் "தெரியுது"ங்கறான். டாக்டரு என்னைப் பாத்தாரு. அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு.

வந்த அன்னிக்கே எங்கிட்ட சத்தியம் வாங்கினான். "அண்ணி பச்சை ஒடம்பு. அண்ணன் இடிஞ்சு போயிடுவாரு. கண்ணு தொறக்கட்டும், நானே எழுதறேன். அதுவரைக்கும் நீங்க எழுதினா நான் கட்டை அவுத்து எறிஞ்சிடுவேன்"ன்னான். உன் கடுதாசியை, அதான் வஹீதுன்னிசா பேர் போட்டு எழுதினியே, சட்டைப் பையிலயே வெச்சிகினு திரிஞ்சான். சட்டை ஆசிட்ல ஓட்டையாயிடுச்சு, கடுதாசியும் அங்கங்க போச்சு. மீதியை என்கிட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னான். படிச்சேன். "சம்மதம்னு எழுதலாம்னுதான் அண்ணே இருந்தேன்"ன்னான். அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான்.

தள்ளிப் போடுன்னு நான் எழுதினேனே, அதுக்கு மேல எப்படி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீ ஜமாஅத்துல கை கொடுப்பேன்னு நான் நெனக்கல.

வா பாய். சீக்கிரம் வா. அவன் இப்ப உன்னைக் கேக்கறான்.

சம்பத்


786
கரையான்சாவடி
12-3-1941

சம்பத்துக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் உன்மேல் கை வைத்தது தவறு. நீ திருப்பிக் கை ஓங்காமல் நின்றாய். அதனால்தான் நான் இன்னும் இரண்டு அடி கூட அடித்தேன். இதை எழுதித் தீர்த்துவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

நஜீரை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரமாகிறது. வலது கண்ணும் இல்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். அவர்களும் அதையே சொன்னார்கள்.

வெடித்ததற்கு நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பேட்டரி வெடிக்கும் என்று உனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் மூன்று பேரும் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். போளூருக்குப் போ என்று எழுதியது யார் என்று மஹ்பூபா ஒருநாள் கேட்டாள்.

ஆனால் நீ மறைத்த அந்த மூன்று வாரம். என் தம்பி கண் போய்க் கட்டிலில் கிடந்த நாட்களில், நான் இங்கே அவனுக்குச் சட்டைத் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜவுளிக்கடைக்காரர் ஜமாஅத்தைக் கூட்டினார். "கண்ணில்லாத பிள்ளைன்னு தெரிஞ்சேதான் எங்கிட்ட கை கொடுத்தீங்களா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "தம்பி ஆஸ்பத்திரில கெடக்கறது அண்ணனுக்குத் தெரியாதா? கூட இருந்த சினேகிதன் ஒரு கடுதாசி போடலியா?" என்று கேட்டுச் சிரித்தார். போட்டான் என்று எப்படிச் சொல்வேன்? மழையைப் பற்றியும் வெற்றிலையைப் பற்றியும் போட்டான் என்று சொல்லவா? நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் வாழ்நாளில் யாரும் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை. அன்றைக்கு அங்கிருந்த ஒருவரும் என்னை நம்பவில்லை.

பெண் அழுததாக மஹ்பூபா கேள்விப்பட்டாளாம். அவள் அழுது என்ன ஆகப்போகிறது?

கொட்டாய், வண்டி, தண்டவாளம் எல்லாம் உன்னிடமே இருக்கட்டும். ஓட்டு, இல்லாவிட்டால் விடு. இந்தப் பக்கம் கொண்டு வராதே. எனக்கு எழுதவும் வேண்டாம்.

அமீர்


ஆற்காடு
8-6-1941

பாய்,

எழுத வேணாம்னு சொன்னே. வண்டி உன் கையால செஞ்சது. அது இன்னா ஆச்சுன்னு உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல.

ராணிப்பேட்டை சந்தையில தனியா கொட்டாய் போட்டேன். ஒரு பேட்டரிதான் மிச்சம், பஸ் கம்பெனில கெஞ்சி ரொப்பிகினு வந்தேன். ஜனம் வந்துது. வண்டி சென்ட்ரல்லேர்ந்து கெளம்பி வில்லிவாக்கம் வரைக்கும் போச்சு. கம்பி ஒண்ணு கழண்டுதுன்னு மேஜைக்குக் கீழ குனிஞ்சேன். ஆசிட் வாசனை அடிச்சுது. அவ்ளோதான். என்னால எழுந்திருக்க முடியல. மேல ஜனம் "இன்னாபா நின்னுபூட்டுது?"ன்னு கத்துது. நான் கீழ குந்திகினே கீறேன். கடைசில காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

மறுநாளு தண்டவாளத்தைக் கழட்டி ஆற்காட்டு பழைய தகரக்காரருக்குப் போட்டுட்டேன். பொட்டிங்களையும் போட்டேன். அவர் அந்த முதல் வகுப்புப் பொட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "யாருய்யா இத்தைச் செஞ்சது? சன்னலுக்குக் கதவு வெச்சிருக்காரே"ன்னார். நான் பேர் சொல்லல. சொன்னா அழுதுடுவேன்னு இருந்துது. மோட்டாரை மட்டும் ஒரு ரேடியோக்காரர் வாங்கிகினார்.

நான் இங்க ஒரு அரிசி மில்லுல எஞ்சின் பாக்கறேன். சோத்துக்கு கஷ்டமில்ல.

நஜீரு எப்படி கீறான்னு ஒரே ஒரு வரி எழுது. திட்டியே எழுது, பரவால்ல. எழுதினா போதும்.

சொந்த ஊரு பாடியில எனக்குன்னு யாரு கீறாங்க? உன் ஊட்டு வாசல்லதான் நான் வளந்தேன். ஒரு தடவை வந்து அவனைப் பாத்துட்டுப் போறேன். வாசல்லயே நிக்கறேன். உள்ளகூட வரல.

சம்பத்


786
கரையான்சாவடி
19-4-1942

சம்பத்துக்கு,

இடையில் நீ போட்ட கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒன்றையும் கிழிக்கவில்லை. பதில் எழுதத்தான் கை வரவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகிறது. எங்கள் தெரு வழியாக மாட்டு வண்டியும் ஜட்காவுமாக ராத்திரி பகல் ஜனம் மேற்கே போகிறது. எல்லாரும் டின் பெட்டி கேட்கிறார்கள். பட்டறையில் இதுவரை இப்படி வேலை இருந்ததில்லை. நஜீர் வாசலில் உட்கார்ந்து வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "எல்லாரும் எங்கே அண்ணே போறாங்க?" என்று நேற்று கேட்டான். உயிருக்குப் பயந்து போகிறார்கள் என்றேன். "அவ்வளவு ஆசையா?" என்றான்.

அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாய். உள்ளதை எழுதுகிறேன். பட்டறையில் ஏதாவது வேலை கொடுத்துப் பார்த்தேன். ஈயம் காய்ச்சும் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டான். அதன்பிறகு அவன் எழுந்து வருவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறான், வைக்காவிட்டால் கேட்பதில்லை. குழந்தை அவன் மடியில் ஏறி அவன் கண்ணில் விரலை வைத்துப் பார்க்கிறது. மஹ்பூபா ஓடிப்போய்த் தூக்குவாள். "விடுங்க அண்ணி, அதுக்குத்தான் என்னைப் பாத்து பயமில்ல" என்கிறான்.

வஹீதுன்னிசாவை பங்குனி மாதம் வாலாஜாவில் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் நம் கடை வழியாகத்தான் போயிற்று. நான் அவனை உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. பாண்டு வாத்தியம் குமணன்சாவடி முனை திரும்புகிற வரைக்கும் அங்கேயே இருந்தான். பிறகு, "வண்டி இப்ப எந்த ஊர்ல ஓடுது அண்ணே?" என்று கேட்டான்.

நீ அதை உடைத்துத் தகரக்காரருக்குப் போட்டதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஆற்காட்டில் ஓடுகிறது என்றேன். நல்ல கூட்டம் என்றேன். "யாரு நிறுத்தறா?" என்றான். சம்பத்துதான் என்றேன். "இடிப்பாரே" என்றான். இப்போது வாரத்துக்கு ஒரு ஊர் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னைப் பொய் சொன்னாய் என்று அடித்தவன் நான். இப்போது தினமும் என் தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்கிறேன். அவன் என் முகத்தைப் பார்க்கமாட்டான் என்பதால் எளிதாக இருக்கிறது.

நீ வருகிறேன் என்று எழுதியதை மட்டும் அவனிடம் படித்துக் காட்டினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சம்பத் அண்ணன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. அவர் கொரல் கேட்டா மட்டும் எனக்கு அந்த எஞ்சின் கொட்டாய் தெரியும் அண்ணே. குச்சி கிழிச்சது, அந்த வெளிச்சம், எல்லாம் தெரியும். வேற ஒண்ணும் தெரியாத கண்ணுக்கு அது மட்டும் தெரியுது. வர வேணாம்னு சொல்லுங்க."

எனக்கு உன்மேல் இருந்த கோபம் எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. மஹ்பூபா உன் பெயரைச் சொன்னால் இப்போது நான் தடுப்பதில்லை. நான் மட்டும் என்றால் வா என்று எழுதியிருப்பேன்.

வராதே தம்பி.

அமீர்


ஆவடி
3-10-1943

அமீர் அண்ணாத்தேவுக்கு,

நான் ஆவடிக்கு வந்து ரொம்ப நாளாச்சு. உனக்குச் சொல்லல. ஏரிக்கு அந்தாண்ட ஊரையெல்லாம் காலி பண்ணிட்டு பட்டாளத்து டெப்போ போட்டுகினு கீறாங்களே, அதுல கீறேன். இன்னா வேலைன்னு கேக்காத. லாரிங்களோட பேட்டரியை ரொப்பற வேலை. ஒரு நீட்டுக் கொட்டாய், வரிசை வரிசையா பேட்டரி. வேற வேலை தேடிப் பாத்தேன். உனக்குத் தெரிஞ்ச வேலை இதுதான்னு தொரை இங்கயே போட்டுட்டாரு. எவனாவது பீடியோட உள்ள வந்தா நான் கத்தற கத்துல என்னைப் பைத்தியம்ங்கறாங்க.

நீ வராதேன்னு எழுதினதை நான் மீறல. இது வேற விசயம்.

போன வாரம் சாமான் ஏத்த பூந்தமல்லிக்கு லாரி போச்சு. என்னையும் ஏறச் சொன்னாங்க. மாட்டேன்னு சொல்ல முடியல. திரும்பறப்ப கரையான்சாவடி முனையில மாட்டு மந்தை குறுக்க வந்து லாரி நின்னுட்டுது. உன் பட்டறைக்கு நேர் எதுத்தாப்ல.

நீ உள்ள முதுகைக் காட்டிகினு தகரம் வெட்டிகினு இருந்தே. தலை நரைச்சு போச்சு உனக்கு. அவன் வாசல்ல குந்திகினு இருந்தான். வெள்ளைச் சட்டை. தாடி வுட்டுகினு கீறான். எளைச்சு, தோளெல்லாம் எலும்பா கீறான். பொண்ணு பக்கத்துல மண்ணை அள்ளி வெளையாடிகினு இருந்துது. நெத்தி அவனுதேதான்.

லாரி எஞ்சின் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் திரும்பினான். கை நீட்டினா தொடலாம் போல இருந்துது. என் வாயில "நஜீரு"ன்னு வந்துட்டுது. கையால வாயைப் பொத்திகினேன். டிரைவரு, "இன்னாபா, வாந்தி வருதா?"ன்னு கேட்டாரு. தலையை ஆட்டினேன். எறங்கறியான்னாரு. அதுக்கும் தலையைத்தான் ஆட்டினேன். மந்தை போற வரைக்கும் அப்படியே கெடந்தேன். அவன் அதுவரைக்கும் லாரிப் பக்கமே மூஞ்சை வெச்சிகினு இருந்தான்.

வாரா வாரம் இந்த லாரி அங்க வரும். நானும் அதுல வருவேன். கரையான்சாவடில நொழையறப்பவே வாயை மூடிப்பேன். பருத்திப்பட்டு தாண்டற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். டிரைவருகிட்டயும் சொல்லி வெச்சிட்டேன், அந்த எடத்துல என்னை ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு.

எப்பவாவது லாரில என்னைப் பாத்தா, நீயும் கூப்புடாத.

சம்பத்